சீக்வென்ஸின் தற்போதைய மதிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐடி எண்களைத் தானாக உருவாக்கித் தரும் சீக்வென்ஸ்கள், தாங்கள் எந்த எண்ணில் நிற்கிறோம் என்பதை எங்கே குறித்துவைக்கின்றன, கேட்டால் எதைச் சொல்கின்றன என்பது பற்றிய பக்கம் இது. பெரும்பகுதி போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் பற்றியது. ஆரக்கிள், எஸ்க்யூஎல் சர்வர், மைஎஸ்க்யூஎல் ஆகியவை வேறுபடும் இடங்களைத் தனியாகச் சொல்லியிருக்கிறோம். எடுத்துக்காட்டுகளில் டேபிளின் பெயர் ஆர்டர்ஸ், அதன் ஐடிக்கு எண் தரும் சீக்வென்ஸ் ஆர்டர்ஸ்_ஐடி_செக். கட்டளைப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறோம். அவற்றை வழக்கமான எஸ்க்யூஎல் எழுத்துகளில் தட்டச்சு செய்துகொள்ளுங்கள்.

சீக்வென்ஸ் இப்போது எந்த எண்ணில் நிற்கிறது என்று எப்படிப் பார்ப்பது?

எந்த "இப்போது" வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். ஏனென்றால் அந்தப் பெயரில் நான்கு எண்கள் இருக்கின்றன. உங்கள் செஷனுக்கு, அதாவது டேட்டாபேஸுடன் நீங்கள் திறந்த இணைப்புக்கு, கடைசியாகக் கிடைத்த எண் ஒன்று. எல்லாச் செஷன்களுக்கும் சேர்த்து சீக்வென்ஸ் இதுவரை ஒதுக்கிவிட்ட எண் இன்னொன்று. சர்வர் திடீரென்று விழுந்து எழுந்தால் எங்கிருந்து தொடர வேண்டும் என்று வட்டில் எழுதிவைக்கப்பட்ட எண் மூன்றாவது. டேபிளில் உண்மையிலேயே உட்கார்ந்திருக்கும் மிகப்பெரிய ஐடி நான்காவது.

ஒரே நொடியில் இந்த நான்கும் நான்கு வெவ்வேறு எண்களாக இருக்கலாம், அதில் எந்தக் கோளாறும் இல்லை. "சீக்வென்ஸ் தப்பான எண்ணைக் காட்டுகிறது" என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை, ஒன்றைக் கேட்டுவிட்டு மற்றொன்றை எதிர்பார்த்ததால் வருபவை.

போஸ்ட்கிரெஸில் முதலாவதுக்கு கர்வால். இரண்டாவதுக்கு நேரடியாக "செலக்ட் * ஃப்ரம் ஆர்டர்ஸ்_ஐடி_செக்", அல்லது பிஜி_சீக்வென்ஸஸ் வியூ. மூன்றாவதை நேரடியாகப் பார்க்க எளிய வழி கிடையாது. லாக்_சிஎன்டியை வைத்து ஊகிக்கலாம். நான்காவதுக்கு வழக்கமான மேக்ஸ்(ஐடி).

கர்வால் கூப்பிட்டால் "இந்தச் செஷனில் இன்னும் வரையறுக்கப்படவில்லை" என்ற பிழை வருகிறது. சீக்வென்ஸில் எண் இருக்கிறதே?

இருக்கிறது, ஆனால் கர்வால் சீக்வென்ஸைப் பார்ப்பதே இல்லை. இந்த இணைப்பில், அடுத்த எண்ணை எடுத்துத் தரும் நெக்ஸ்ட்வால் கடைசியாக என்ன கொடுத்தது என்பதை செஷன் தன் நினைவகத்தில் வைத்திருக்கும். கர்வால் அதைத்தான் திருப்பித் தரும். புதிதாக இணைந்து நெக்ஸ்ட்வாலை ஒருமுறைகூட அழைக்காத செஷனில் தருவதற்கு ஒன்றும் இல்லை, அதனால் 55000 என்ற பிழைக்குறியீடு. ஆரக்கிளிலும் இதே நடத்தைதான். அங்கே பிழை ஓஆர்ஏ-08002.

இப்படி அமைத்ததற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் ஆர்டரைச் சேர்த்து 501 வாங்குகிறீர்கள். அடுத்த நொடி வேறு பத்துப் பேர் 502 முதல் 511 வரை வாங்கிவிடுகிறார்கள். இப்போது அந்த ஆர்டருக்கான பொருள் வரிகளைச் சேர்க்க கர்வாலைக் கேட்டால் உங்களுக்கு 501தான் வேண்டும், 511 அல்ல. பூட்டு எதுவும் போடாமலேயே அது சரியாகக் கிடைக்கிறது.

கனெக்‌ஷன் பூலர் நடுவில் இருந்து, இணைப்புகளைப் பலருக்கும் பகிர்ந்து கொடுத்தால்தான் சிக்கல். பிஜிபவுன்சர் என்ற பூலரை டிரான்ஸாக்‌ஷன் முறையில் ஓட்டினால், நெக்ஸ்ட்வால் ஒரு டிரான்ஸாக்‌ஷனிலும் கர்வால் அடுத்ததிலும் போகும்போது இரண்டும் வெவ்வேறு பின்தள இணைப்பில் விழலாம். அப்போது பிழை வந்தால் அதிர்ஷ்டம். வராமல், அந்த இணைப்பை முன்பு பயன்படுத்திய வேறொருவரின் எண் வந்துவிட்டால் தவறான ஆர்டரில் பொருள்கள் சேரும். இன்செர்ட் கட்டளையின் கடைசியில் "ரிட்டர்னிங் ஐடி" என்று சேர்த்துவிட்டால் கர்வாலே தேவையில்லை. புதிதாக எழுதும் நிரலில் அதையே பயன்படுத்துங்கள்.

லாஸ்ட்வால் என்பதும் அதேதானா?

கிட்டத்தட்ட. கர்வால் ஒரு குறிப்பிட்ட சீக்வென்ஸின் பெயரைக் கேட்கும். லாஸ்ட்வால் பெயர் கேட்காது, இந்தச் செஷனில் எந்த சீக்வென்ஸில் கடைசியாக நெக்ஸ்ட்வால் நடந்ததோ அதன் எண்ணைத் தரும். ஆர்டர்ஸ் டேபிளில் ஒரு டிரிகர் (ரெக்கார்டு சேரும்போது தானாக ஓடும் நிரல்) இருந்து, அது தணிக்கை டேபிளிலும் ஒரு ரெக்கார்டைச் சேர்த்தால், லாஸ்ட்வால் தருவது தணிக்கை டேபிளின் ஐடி. டிரிகர் இல்லாத நாளில் எழுதிய நிரல், டிரிகர் வந்த நாளில் சத்தமில்லாமல் தவறாகிவிடும். எஸ்க்யூஎல் சர்வரில் @@ஐடென்டிட்டிக்கும் ஸ்கோப்_ஐடென்டிட்டிக்கும் உள்ள வேறுபாடும் இதே வகைதான்: முன்னது டிரிகருக்குள் நடந்ததையும் சேர்த்துக்கொள்ளும், பின்னது சேர்க்காது.

லாஸ்ட்_வேல்யூ 1 என்று காட்டுகிறது. 1 ஏற்கெனவே கொடுக்கப்பட்டுவிட்டதா, இனிமேல்தான் கொடுக்கப்படுமா?

லாஸ்ட்_வேல்யூவை மட்டும் பார்த்தால் சொல்ல முடியாது. பக்கத்தில் ஈஸ்_கால்டு என்ற நெடுவரிசை இருக்கும். அது ஃபால்ஸ் என்றால் 1 இன்னும் யாருக்கும் போகவில்லை, அடுத்த நெக்ஸ்ட்வால் 1 தரும். ட்ரூ என்றால் 1 போய்விட்டது, அடுத்தது 2.

புதிதாக உருவாக்கிய சீக்வென்ஸும், ஒரே ஒருமுறை பயன்படுத்திய சீக்வென்ஸும் லாஸ்ட்_வேல்யூவில் ஒன்றுபோலவே தெரியும் என்பதால்தான் இந்த இரண்டாவது நெடுவரிசை. கண்காணிப்பு ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் இதை விட்டுவிட்டு எப்போதும் ஒன்றைக் கூட்டிவிடுகிறார்கள்.

பிஜி_சீக்வென்ஸஸ் வியூவில் லாஸ்ட்_வேல்யூ காலியாக, நல் என்று வருகிறதே?

இரண்டு காரணங்கள் வழக்கமானவை. சீக்வென்ஸ் ஒருமுறைகூடப் பயன்படுத்தப்படவில்லை, அதாவது ஈஸ்_கால்டு ஃபால்ஸ். அல்லது உங்களுக்கு அந்த சீக்வென்ஸில் யூஸேஜ் அல்லது செலக்ட் அனுமதி இல்லை. இரண்டாவது வகையில் பிழைச்செய்தி வராது, வெறும் நல்தான். எனவே கண்காணிப்புப் பயனர் கணக்குக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்களா என்று பார்த்துவிட்டு மேலே தேடுங்கள்.

இந்த வியூ பதிப்பு 10இல் வந்தது. அதே பதிப்பில்தான் தொடக்க எண், கூட்டும் அளவு, உச்சவரம்பு, கேஷ் ஆகியவை சீக்வென்ஸின் உள்ளிருந்து பிஜி_சீக்வென்ஸ் கேட்டலாகுக்கு மாறின. அதற்கு முந்தைய பழைய ஸ்கிரிப்ட்கள் சீக்வென்ஸிலிருந்தே இன்க்ரிமென்ட்_பை போன்றவற்றைப் படிக்க முயன்று பிழை காட்டும். இப்போது சீக்வென்ஸில் மிஞ்சியிருப்பவை மூன்றுதான்: லாஸ்ட்_வேல்யூ, லாக்_சிஎன்டி, ஈஸ்_கால்டு.

லாக்_சிஎன்டி என்பது என்ன? சர்வர் விழுந்து எழுந்தபின் 32 எண்கள் வரை ஏன் காணாமல் போகின்றன?

இரண்டுக்கும் ஒரே பதில். ஒவ்வொரு நெக்ஸ்ட்வாலுக்கும் டபிள்யூஏஎல்லில் (விழுந்து எழுந்தால் மீள்வதற்காக மாற்றங்களை வட்டில் குறித்துவைக்கும் பதிவேடு) பதிவு எழுதினால் செலவு அதிகம். அதனால் போஸ்ட்கிரெஸ் 32 எண்களை முன்கூட்டியே "கொடுத்தாகிவிட்டது" என்று பதிவில் எழுதிவிட்டு, அவை தீரும்வரை மறுபடி எழுதாது. அதில் இன்னும் எத்தனை மிச்சம் என்பதுதான் லாக்_சிஎன்டி.

நீங்களே பார்க்கலாம். புதிதாக ஒரு சீக்வென்ஸை உருவாக்கி அதிலிருந்து செலக்ட் செய்தால் 1, 0, ஃபால்ஸ் என்று வரும். ஒரு நெக்ஸ்ட்வால்: 1 கிடைக்கும், மறுபடி செலக்ட் செய்தால் 1, 32, ட்ரூ. இன்னொரு நெக்ஸ்ட்வால்: 2, 31, ட்ரூ. இந்த நேரத்தில் நினைவகத்தில் இருப்பது 2, ஆனால் டபிள்யூஏஎல்லில் எழுதப்பட்டிருப்பது 33. மின்சாரம் போய் சர்வர் மீண்டு வந்தால் அதற்குத் தெரிந்தது 33 மட்டுமே. அடுத்த நெக்ஸ்ட்வால் 34 தரும். 3 முதல் 33 வரை போனது போனதுதான்.

ஒழுங்காக நிறுத்தி எழுப்பினால் இந்தத் தாவல் வராது, ஏனென்றால் நிறுத்தும்போது உண்மையான நிலை வட்டுக்குப் போய்விடும். செக்பாயின்ட் (நினைவகத்தில் உள்ள மாற்றங்களை வட்டில் எழுதும் வேலை) முடிந்தபின் வரும் முதல் நெக்ஸ்ட்வால் மறுபடி பதிவு எழுதும், அதனால் லாக்_சிஎன்டி நடுவிலேயே 32க்குத் திரும்புவதைப் பார்த்து யாரும் குழம்ப வேண்டாம். 32 என்பது மூலநிரலில் எழுதப்பட்ட மாறிலி. அமைப்புக் கோப்பில் மாற்ற முடியாது.

ஸ்டாண்ட்பை சர்வரில் பார்த்தால் முதன்மை சர்வரைவிடப் பெரிய எண் தெரிகிறது. ரெப்ளிகேஷன் கெட்டுவிட்டதா?

இல்லை. முதன்மையின் நகலாக ஓடும் ஸ்டாண்ட்பை படிப்பது டபிள்யூஏஎல்லை. அதில் இருப்பது முன்கூட்டி எழுதப்பட்ட எண். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் முதன்மையில் 2, ஸ்டாண்ட்பையில் 33. இரண்டு சர்வர்களும் சமமாக இருக்கின்றனவா என்று சரிபார்க்க சீக்வென்ஸ் மதிப்புகளை ஒப்பிடாதீர்கள். ஸ்டாண்ட்பையை முதன்மையாக உயர்த்தினால் 34இலிருந்து தொடரும்.

லாஜிக்கல் ரெப்ளிகேஷன் வேறு கதை. பதிப்பு 18 வரை அது டேபிள் ரெக்கார்டுகளை மட்டுமே கொண்டுபோகும்; சீக்வென்ஸின் நிலை அவற்றோடு வராது. ஐடிகள் லட்சத்தைத் தாண்டியிருக்க, புதிய சர்வரில் சீக்வென்ஸ் 1லேயே நிற்கும். பதிப்பு மாற்றத்துக்காக லாஜிக்கல் முறையில் மாறுபவர்கள், பழைய சர்வரில் எழுதுவதை நிறுத்தியதும், புதியதைத் திறப்பதற்கு முன், எல்லா சீக்வென்ஸ்களுக்கும் செட்வால் மூலம் எண்ணை அமைக்க வேண்டும். ஆயிரமோ பத்தாயிரமோ கூடுதலாக வைத்து நகர்த்துவது நல்லது, எண்களுக்குப் பஞ்சமில்லை.

கேஷ் அளவை 10 ஆக வைத்தபின் லாஸ்ட்_வேல்யூ 20 என்கிறது, டேபிளில் இரண்டே ரெக்கார்டுதான் இருக்கிறது. எப்படி?

கேஷ் என்பது ஒரு செஷன் ஒரே தடவையில் எடுத்துவைத்துக்கொள்ளும் எண்களின் அளவு. முதல் செஷன் வந்து 1 முதல் 10 வரை மொத்தமாக எடுத்துக்கொண்டு 1ஐப் பயன்படுத்தியது. இரண்டாவது செஷன் 11 முதல் 20 வரை எடுத்துக்கொண்டு 11ஐப் பயன்படுத்தியது. லாஸ்ட்_வேல்யூ சொல்வது ஒதுக்கியதை, பயன்படுத்தியதை அல்ல. ஒவ்வொரு கவுண்டருக்கும் ஒரு டோக்கன் கட்டைக் கொடுத்தனுப்பியது போல, கட்டிலிருந்து எத்தனை கிழிக்கப்பட்டன என்பது தலைமையிடத்துக்குத் தெரியாது.

போஸ்ட்கிரெஸில் இந்தக் கேஷ் செஷனுக்குச் சொந்தம். இணைப்பை மூடினால் மிச்சம் வீண். குறுகிய நேர இணைப்புகளைத் திறந்து மூடிக்கொண்டே இருக்கும் செயலியில் கேஷ் 100 வைத்தால், ஒவ்வொரு இணைப்பும் ஓர் எண்ணைப் பயன்படுத்தி 99ஐ வீசிவிட்டுப் போகும். இயல்பு அளவு 1. ஒரே சீக்வென்ஸில் பல செஷன்கள் மோதும் அளவுக்குச் சுமை இல்லாவிட்டால் அதைத் தொட வேண்டாம்.

அடுத்து வரப்போகும் எண்ணை, அதை எடுக்காமலேயே தெரிந்துகொள்ளலாமா?

கணக்கிடலாம். கேஷ் 1 என்றால்: ஈஸ்_கால்டு ட்ரூவாக இருந்தால் லாஸ்ட்_வேல்யூவுடன் இன்க்ரிமென்ட்டைக் கூட்டுங்கள், ஃபால்ஸ் என்றால் லாஸ்ட்_வேல்யூவே. ஆனால் அந்த எண் உங்களுக்குத்தான் கிடைக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. பார்த்த நொடிக்கும் எடுத்த நொடிக்கும் நடுவில் வேறு யாரும் எடுத்துவிடலாம்.

திரையில் "உங்கள் ஆர்டர் எண் 502 ஆக இருக்கும்" என்று முன்கூட்டியே காட்டத்தான் பெரும்பாலும் இதைக் கேட்கிறார்கள். அப்படிக் காட்ட வேண்டுமானால் நெக்ஸ்ட்வாலை நிஜமாகவே அழைத்து எண்ணை எடுத்துவிடுங்கள்; பயனர் பாதியில் போய்விட்டால் அந்த எண் வீணாகட்டும். ஒரு எச்சரிக்கை: அந்த எண்ணை டேட்டாபேஸுக்கு வெளியே அனுப்பும் முன் (மின்னஞ்சல், வேறு சேவை) நெக்ஸ்ட்வால் நடந்த டிரான்ஸாக்‌ஷனை கமிட் செய்துவிடுங்கள். கமிட் ஆகும் முன் சர்வர் விழுந்தால் சீக்வென்ஸின் முன்னேற்றமும் தொலைந்து, அதே எண் இன்னொருவருக்குப் போக வாய்ப்புண்டு.

ரோல்பேக் செய்தாலும் எண் திரும்பி வரவில்லை. இடைவெளி இல்லாமல் எண் வர என்ன செய்வது?

நெக்ஸ்ட்வால் ரோல்பேக்குக்குக் கட்டுப்படாது, வேண்டுமென்றே அப்படித்தான். கட்டுப்பட்டால், நீங்கள் கமிட் செய்யும்வரை அடுத்தவர் எண் வாங்கக் காத்திருக்க வேண்டியிருக்கும். செட்வாலும் அப்படியே: டிரான்ஸாக்‌ஷனுக்குள் செட்வால் செய்து ரோல்பேக் அடித்தாலும் மாற்றம் நிற்கும்.

தோல்வியடைந்த இன்செர்ட்டும் எண்ணைத் தின்றுவிடும். "ஆன் கான்ஃப்ளிக்ட் டூ நத்திங்" இன்னும் மோசம்: மோதல் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்பே ஐடிக்கான இயல்பு மதிப்பு கணக்கிடப்படுவதால், ஒரு ரெக்கார்டும் சேராத போதும் எண் நகரும். ஏற்கெனவே இருக்கும் ரெக்கார்டுகளைத் தினமும் லட்சக்கணக்கில் இப்படி ஏற்ற முயலும் வேலை ஒன்று இருந்தால், டேபிள் வளராமலேயே ஐடி ஏறிக்கொண்டே போகும்.

விலைப்பட்டியல் எண் போல ஒன்றுகூட விடுபடக் கூடாது என்ற சட்டத் தேவை இருந்தால், சீக்வென்ஸை விட்டுவிடுங்கள். தனியாக ஒரு கவுன்டர் டேபிளில் ஒரே ரெக்கார்டை வைத்து, அதே டிரான்ஸாக்‌ஷனில் "அப்டேட் … ரிட்டர்னிங்" மூலம் எண்ணைக் கூட்டி வாங்குங்கள். ரோல்பேக் ஆனால் எண்ணும் திரும்பும். அதற்கான விலை, எல்லோரும் அந்த ஒரு ரெக்கார்டுக்காக வரிசையில் நிற்பது. அதனால் அந்த அப்டேட்டை டிரான்ஸாக்‌ஷனின் கடைசிப் படியாக வையுங்கள்.

பழைய தரவை இறக்குமதி செய்தபின் ஒவ்வொரு இன்செர்ட்டும் "டூப்ளிகேட் கீ" என்று தோற்கிறது. எப்படிச் சரிசெய்வது?

ஐடியை நேரடியாகக் கொடுத்து ரெக்கார்டுகளை ஏற்றும்போது சீக்வென்ஸ் கூப்பிடப்படுவதே இல்லை. டேபிளில் 1500 வரை இருக்க, சீக்வென்ஸ் 1லேயே நிற்கிறது. ஒவ்வொரு முயற்சியும் 1, 2, 3 என்று ஏற்கெனவே உள்ள எண்ணைக் கொடுத்துத் தோற்கும். ஆனால் ஒவ்வொரு தோல்வியிலும் எண் ஒன்று நகரும். அதனால் "மறுபடி மறுபடி அழுத்தினேன், தானாகச் சரியாகிவிட்டது" என்று யாராவது சொன்னால் நம்பலாம்.

முறையாகச் செய்ய:

1. பிகின். பிறகு "லாக் டேபிள் ஆர்டர்ஸ் இன் எக்ஸ்க்ளூசிவ் மோட்". படிப்பவர்களுக்குத் தடையில்லை, எழுதுபவர்கள் காத்திருப்பார்கள்.
2. சீக்வென்ஸின் பெயரை ஊகிக்காமல் பிஜி_கெட்_சீரியல்_சீக்வென்ஸ்('ஆர்டர்ஸ்', 'ஐடி') கொண்டு வாங்குங்கள். டேபிளுக்குப் பெயர் மாற்றியிருந்தால் சீக்வென்ஸ் பழைய பெயரிலேயே இருக்கும். தானாக எண் பெறும் சீரியல், ஐடென்டிட்டி நெடுவரிசைகள் இரண்டுக்கும் இது வேலை செய்யும்.
3. செலக்ட் செட்வால்(அந்தப் பெயர், கோலெஸ்(மேக்ஸ்(ஐடி), 0) + 1, ஃபால்ஸ்) ஃப்ரம் ஆர்டர்ஸ்.
4. கமிட்.

மூன்றாவது படியில் கடைசியில் இருக்கும் ஃபால்ஸ் முக்கியம். "இந்த எண் இன்னும் போகவில்லை, அடுத்தது இதுவே" என்று அது சொல்கிறது. அது இல்லாமல் செட்வால்(பெயர், மேக்ஸ்(ஐடி)) என்று எழுதினாலும் 1500க்கு அடுத்து 1501 வரும். ஆனால் டேபிள் காலியாக இருந்தால் மேக்ஸ் நல் தரும், செட்வால் எதையும் செய்யாது. அதைத் தவிர்க்க 0 போட்டால், குறைந்தபட்ச வரம்பு 1 என்பதால் பிழை வரும். மேலே உள்ள வடிவம் காலி டேபிளிலும் சரியாக 1லிருந்து தொடங்கும்.

கேஷ் 1க்கு மேல் வைத்திருந்தால், மற்ற செஷன்கள் ஏற்கெனவே எடுத்துவைத்த பழைய எண்களைத்தான் முதலில் செலவழிக்கும். செட்வால் அவற்றைத் தொடாது. பூலில் உள்ள இணைப்புகளை மூடித் திறந்துவிடுங்கள்.

செட்வாலா, ஆல்டர் சீக்வென்ஸ் ரீஸ்டார்ட்டா?

ரீஸ்டார்ட் டிரான்ஸாக்‌ஷனுக்குக் கட்டுப்படும், முடியும்வரை அதே சீக்வென்ஸில் மற்றவர்கள் எண் எடுப்பதைத் தடுக்கும். செட்வால் இரண்டையும் செய்யாது. டேபிளைக் காலிசெய்து திரும்ப நிரப்பும் பெரிய வேலையின் நடுவில் ரீஸ்டார்ட். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் எண்ணை முன்னே தள்ள மட்டும் செட்வால். ரீஸ்டார்ட்டில் எண்ணை நேரடியாக எழுத வேண்டும், மேக்ஸ்(ஐடி) போன்ற துணைக்கேள்வியைக் கொடுக்க முடியாது.

"ஆல்டர் சீக்வென்ஸ் … ஸ்டார்ட் வித் 1501" என்று எழுதிவிட்டு எதுவும் மாறவில்லையே என்று பார்த்திருப்பவர்கள் உண்டு. ஸ்டார்ட் என்பது இனி வெறும் ரீஸ்டார்ட் கொடுத்தால் எங்கே திரும்ப வேண்டும் என்ற குறிப்பு மட்டுமே. தற்போதைய எண்ணை மாற்ற ரீஸ்டார்ட் வித் வேண்டும். அதுபோல ட்ரங்கேட் செய்தாலும் சீக்வென்ஸ் நகராது. ரீஸ்டார்ட் ஐடென்டிட்டி என்று சேர்த்தால்தான் திரும்பும்.

கர்வால் மேல் இவற்றின் விளைவும் மாறும். இரண்டு மதிப்புகள் மட்டும் கொடுக்கும் செட்வால் உங்கள் செஷனின் கர்வாலையும் அந்த எண்ணாக மாற்றும். ஃபால்ஸ் சேர்த்த வடிவமும் ரீஸ்டார்ட்டும் அதை மாற்றாது.

ஆரக்கிளில் லாஸ்ட்_நம்பர் 21 என்கிறது, ஆனால் ஒரே ஒருமுறைதான் நெக்ஸ்ட்வால் எடுத்தேன்.

யூசர்_சீக்வென்ஸஸ் வியூவின் லாஸ்ட்_நம்பர் என்பது வட்டில் எழுதப்பட்ட எண். ஆரக்கிளில் கேஷின் இயல்பு அளவு 20. முதல் அழைப்பிலேயே 1 முதல் 20 வரை நினைவகத்துக்கு வந்துவிடும், வட்டில் 21 எழுதப்படும். 20 எண்களும் தீரும்வரை அது 21லேயே நிற்கும், பிறகு ஒரேயடியாக 41. நோகேஷ் என்று வைத்தால் மட்டும் அது அடுத்து வரும் எண்ணோடு ஒத்துப்போகும்.

நினைவகத்தில் உண்மையில் எங்கே நிற்கிறது என்று பார்க்க உயர் அனுமதி உள்ளவர்கள் வி$_சீக்வென்ஸஸ் வியூவில் நெக்ஸ்ட்வேல்யூவைப் பார்க்கலாம். ஆரக்கிளின் கேஷ் செஷனுக்கு அல்ல, இன்ஸ்டன்ஸுக்கு (ஓடிக்கொண்டிருக்கும் சர்வருக்கு) சொந்தம் என்பதால் இணைப்பை மூடினால் எண் வீணாகாது. ஷட்டவுன் அபார்ட் கொடுத்தாலோ, ஷேர்டு பூலிலிருந்து வெளியேற்றப்பட்டாலோ வீணாகும். பல கணினிகள் ஒரே டேட்டாபேஸை இயக்கும் ஆர்ஏசி அமைப்பில் ஒவ்வொரு இன்ஸ்டன்ஸும் தனித்தனி கட்டை வைத்துக்கொள்ளும். முதல் கணினியில் 5, இரண்டாவதில் 24 என்று ஒரே நேரத்தில் வருவது இயல்பு. ஆர்டர் என்று அறிவித்தால் வரிசை காக்கப்படும், வேகம் குறையும்.

இன்னொரு வேறுபாடு: ஆரக்கிளில் ஒரே கட்டளையில் ஒரே ரெக்கார்டுக்கு நெக்ஸ்ட்வாலை இருமுறை எழுதினால் இரண்டும் ஒரே எண். போஸ்ட்கிரெஸில் இரண்டு எண்கள். அங்கிருந்து இங்கே நிரலை மாற்றுபவர்கள் இந்த இடத்தைத் தேடிப் பார்க்க வேண்டும்.

எஸ்க்யூஎல் சர்வரில்?

சீக்வென்ஸ் 2012 பதிப்பில் வந்தது. சிஸ்.சீக்வென்ஸஸில் கரன்ட்_வேல்யூ பாருங்கள். ஒருமுறையும் பயன்படுத்தாத சீக்வென்ஸில் அது தொடக்க எண்ணையே காட்டும். முதல் எண் போனபிறகும் அதையே காட்டும். போஸ்ட்கிரெஸின் ஈஸ்_கால்டு தீர்க்கும் அதே குழப்பம் இங்கேயும் உண்டு. 2017 முதல் லாஸ்ட்_யூஸ்டு_வேல்யூ என்ற தனி நெடுவரிசையும் இருக்கிறது. கர்வாலுக்கு இணையாக செஷன் அளவிலான செயற்கூறு சீக்வென்ஸுக்கு இல்லை. எண்ணை ஒரு மாறியில் பிடித்துவைத்துக்கொள்ளுங்கள், அல்லது இன்செர்ட்டில் அவுட்புட் பகுதியைப் பயன்படுத்துங்கள்.

ஐடென்டிட்டி நெடுவரிசைக்கு ஐடென்ட்_கரன்ட்('ஆர்டர்ஸ்'). அது எல்லாச் செஷன்களுக்கும் பொதுவான எண், உங்களுடையது அல்ல. எதிர்பாராமல் சர்வர் நின்றபின் இன்ட் வகையில் 1000, பிக்இன்ட் வகையில் 10000 என்று தாவுவதும் கேஷ் காரணமாகவே. 2017 முதல் டேட்டாபேஸ் அளவில் ஐடென்டிட்டி_கேஷை ஆஃப் செய்யலாம். அதற்கு முன் டிரேஸ் ஃபிளாக் 272.

டிபிசிசி செக்ஐடென்ட் மூலம் ரீசீட் செய்யும்போது ஒரு பொறி: ரெக்கார்டுகள் சேர்ந்து பிறகு டெலீட் ஆன டேபிளில் ரீசீட் 0 என்றால் அடுத்தது 1. புதிதாக உருவாக்கிய, அல்லது ட்ரங்கேட் ஆன டேபிளில் அதே கட்டளைக்கு அடுத்தது 0.

மைஎஸ்க்யூஎல்லில் சீக்வென்ஸ் உண்டா?

தனிப் பொருளாக இல்லை, ஆட்டோ_இன்க்ரிமென்ட் மட்டுமே. இன்ஃபர்மேஷன்_ஸ்கீமா.டேபிள்ஸில் தெரியும் எண் அடுத்து வரப்போகும் எண், கடைசியாகப் போனது அல்ல. பதிப்பு 8.0 முதல் அந்தப் புள்ளிவிவரம் 86400 நொடிகள், அதாவது ஒரு நாள் வரை, பழையதாகவே இருக்கலாம். இன்ஃபர்மேஷன்_ஸ்கீமா_ஸ்டாட்ஸ்_எக்ஸ்பயரியை செஷனில் 0 ஆக்கிவிட்டுப் பாருங்கள்.

லாஸ்ட்_இன்செர்ட்_ஐடி இணைப்புக்கு உரியது, அந்த அளவில் பாதுகாப்பானது. ஒரே கட்டளையில் மூன்று ரெக்கார்டுகளைச் சேர்த்து 101, 102, 103 கிடைத்தால் அது தருவது 101, முதலாவது எண். கடைசி எண் வரும் என்று நினைத்து எழுதிய நிரல்கள் நிறைய.

8.0க்கு முன் மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்பு இயந்திரமான இன்னோடிபி இந்த எண்ணை நினைவகத்தில் மட்டும் வைத்திருந்தது. சர்வரை மறுதொடக்கம் செய்தால் மேக்ஸ்(ஐடி)யிலிருந்து மறுபடி கணக்கிடும். கடைசி ரெக்கார்டை அழித்துவிட்டு மறுதொடக்கம் செய்தால் அழித்த ஐடியே புதிய ஒருவருக்குப் போகும். 8.0இல் எண் ரீடூ லாகில் எழுதப்படுவதால் அந்தத் தொல்லை இல்லை.

மற்றவை?

மரியாடிபி 10.3 முதல் உண்மையான சீக்வென்ஸ் தருகிறது. அதிலிருந்து செலக்ட் செய்தால் வருவது நெக்ஸ்ட்_நாட்_கேஷ்டு_வேல்யூ. கேஷின் இயல்பு அளவு 1000 என்பதால் முதல் அழைப்புக்குப் பிறகு 1001 தெரியும். அங்கே செட்வால் எண்ணைக் குறைக்காது, நல் தந்துவிட்டு விட்டுவிடும். டிபி2வில் சிஸ்கேட்.சீக்வென்ஸஸின் நெக்ஸ்ட்கேஷ்ஃபர்ஸ்ட்வேல்யூ, பெயரே விளக்கம். ஃபயர்பேர்டில் ஜென்_ஐடி(பெயர், 0) என்றால் எண்ணை நகர்த்தாமல் பார்க்கலாம். எஸ்க்யூஎல்லைட்டில் ஆட்டோஇன்க்ரிமென்ட் என்று அறிவித்த டேபிள்களுக்கு எஸ்க்யூஎல்லைட்_சீக்வென்ஸ் என்ற சாதாரண டேபிள் இருக்கிறது. இந்தப் பட்டியலிலேயே ரோல்பேக்குக்குக் கட்டுப்படுவது அதுதான்.

ஹைபர்நேட் சேர்க்கும் ஐடிகளும் சீக்வென்ஸ் காட்டும் எண்ணும் ஒத்துப்போகவில்லை.

ஜாவா நிரல்களை டேட்டாபேஸுடன் இணைக்கும் நூலகமான ஹைபர்நேட்டில் அலொகேஷன்சைஸின் இயல்பு மதிப்பு 50. ஹைபர்நேட் ஒருமுறை நெக்ஸ்ட்வால் அழைத்து 50 ஐடிகளைத் தன் பக்கம் வைத்துக்கொள்கிறது. அதனால் டேட்டாபேஸில் சீக்வென்ஸின் இன்க்ரிமென்ட்டும் 50 ஆக இருக்க வேண்டும். அங்கே 1, இங்கே 50 என்று இருந்தால் ஐடிகள் ஒன்றன்மேல் ஒன்று விழும், அல்லது எதிர்ம எண்கள் வரும். இரண்டையும் 50 ஆக்குங்கள், அல்லது இரண்டையும் 1 ஆக்குங்கள்.

எண்கள் தீர்ந்துபோக எவ்வளவு மிச்சம் என்று எப்படிக் கண்காணிப்பது?

பிஜி_சீக்வென்ஸஸில் லாஸ்ட்_வேல்யூவை மேக்ஸ்_வேல்யூவால் வகுத்து, 70 சதவீதம் தாண்டினால் எச்சரிக்கை வையுங்கள். ஆனால் அது மட்டும் போதாது. சீரியல் நெடுவரிசையின் உச்சம் 2147483647. பதிப்பு 10க்கு முன் உருவான சீக்வென்ஸ்களுக்கு உச்சம் 9223372036854775807 என்றே இருக்கும், நெடுவரிசை மட்டும் இன்டிஜராக இருக்கும். வகுத்துப் பார்த்தால் ஒரு சதவீதம்கூட வராது, ஒருநாள் "இன்டிஜர் அவுட் ஆஃப் ரேஞ்ச்" என்று எல்லா இன்செர்ட்டும் நின்றுவிடும். எனவே சீக்வென்ஸின் உச்சம், நெடுவரிசையின் உச்சம் இரண்டில் எது சிறியதோ அதால் வகுங்கள். அந்த ஐடியைச் சுட்டும் ஃபாரின் கீ நெடுவரிசைகளின் வகையையும் பாருங்கள். முதன்மை டேபிளை பிக்இன்ட்டாக மாற்றிவிட்டு அவற்றை மறப்பது வழக்கம்.

பெரிய ஐடி என்றால் பிந்தைய ரெக்கார்டு என்று வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. ஐடி என்பது எண் எடுக்கப்பட்ட வரிசை, கமிட் ஆன வரிசை அல்ல. ஒரு செஷன் 700 வாங்கிக்கொண்டு ஐந்து நொடி வேலை செய்கிறது; இன்னொன்று 701 வாங்கி உடனே கமிட் செய்கிறது. "கடைசியாகப் பார்த்த ஐடியைவிடப் பெரியவை" என்று மாற்றங்களை இழுக்கும் நிரல் இந்த நேரத்தில் ஓடினால் 701ஐ எடுத்துக்கொண்டு தன் குறியை அங்கே வைத்துவிடும். பிறகு கமிட் ஆகும் 700 அதன் கண்ணில் படவே படாது. கேஷ் 1க்கு மேல் இருந்தால் இது விதிவிலக்காக இல்லாமல் அன்றாடம் நடக்கும்.

சில நொடிகள் பின்தங்கி இழுப்பது ஓரளவு காக்கும், நீண்ட டிரான்ஸாக்‌ஷன் ஒன்று வந்தால் அதுவும் தோற்கும். லாஜிக்கல் டிகோடிங் (டபிள்யூஏஎல்லிலிருந்து மாற்றங்களைப் படிக்கும் வசதி) கமிட் வரிசையிலேயே மாற்றங்களைத் தரும். அது முடியாத இடத்தில், எடுத்த ரெக்கார்டுகளில் "அனுப்பியாயிற்று" என்று குறிக்கும் நெடுவரிசை ஒன்றை வைத்து, குறி இல்லாதவற்றை மட்டும் இழுங்கள்.